நர்ஸம்மாவின் முதுகு

சமூகக்கூடத்தின் நீளச் சுவர் மொட்டையாகக் கிடக்கிறதே என்று முதலில் கவலைப்பட்டவர் தலைவர்தான். மரச்சாமான் கடை முதலாளி. குடியிருப்போர் சங்கத்துக்கும் அவரே தலைவர். வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். "நம்ம பகுதியில உழைக்கிற ஒவ்வொருத்தர் முகமும் இந்தச் சுவத்துல இருக்கணும். நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைங்க வந்து பாத்துப் பெருமைப்படணும்" என்று அவர் சொன்னதும் கூட்டத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வேலை ஸ்டூடியோக்காரியிடம் வந்து சேர்ந்தது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடைத்தெரு முனையில் அவளுடைய ஸ்டூடியோ. முன்னறையில் அவள் படம் எடுப்பாள். பின்னறையில் அவள் கணவன் சட்டம் அறுத்துக் கண்ணாடி போடுவான். காது தெரியவேண்டும், பல் தெரியக்கூடாது என்று வெள்ளைத் துணிக்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்து எடுத்து எடுத்து அலுத்துப்போயிருந்தவள். இனி தெருவில் இறங்கலாம். மனிதர்களை அவரவர் இடத்தில் வைத்து எடுக்கலாம். மீன்காரம்மாவை மீனோடு, சாவி செய்கிறவரைச் சாவிக் கொத்துகளோடு, சலூன்காரரைச் சோப்பு நுரையோடு.

அந்த ஆசை சீக்கிரமே புளித்துப்போனது. மீன்காரம்மா பலகையைத் தேய்த்துக் கழுவி, மீனையெல்லாம் கூடைக்குள் தள்ளி மூடி, மேலே பிளாஸ்டிக் பூச்செண்டு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மீன் எங்கக்கா?" என்றதற்கு, "சீ, அது எதுக்கு, நாறும்" என்றாள். படத்தில் நாற்றம் வராது என்று எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை. கறிக்கடைக்காரர் தன் கடையை விட்டுவிட்டுப் பக்கத்து நகைக்கடை வாசலில் போய் நின்றுகொண்டார்.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். தலைவர் அடித்த கூத்தைத்தான் சகிக்க முடியவில்லை. மரம் நடும் நாளில், குழியில் வைத்த கன்றைப் பிடுங்கி, வெளிச்சம் தன் முகத்தில் விழும் பக்கமாக வேறொரு குழியில் வைத்தார். பிறகு செயலாளருக்கு ஒருமுறை, பொருளாளருக்கு ஒருமுறை. கடைசியில் அந்தக் கன்று வேர் அறுந்து, கழுத்து முறிந்த கோழிபோலத் தொங்கியது. வாய்க்கால் சுத்தம் செய்யும் நாளில் அதைவிடக் கேவலம். துப்புரவுப் பணியாளர்கள் காலையிலேயே வந்து எல்லாவற்றையும் அள்ளிவிட்டிருந்தார்கள். தலைவர் வாய்க்கால் கரையை மேலும் கீழும் பார்த்தார். "குப்பையே இல்லாம எப்படிம்மா சுத்தம் பண்றது?" என்றவர், சந்தைத் தொட்டியிலிருந்து ஒரு கூடை அழுகலைக் கொண்டுவரச் சொல்லிக் கரையில் கொட்டினார். புதுக் கையுறை, புதுத் துடைப்பம், ஒரு புன்னகை. படம் முடிந்ததும் கையுறையை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அழுகிய முட்டைக்கோஸ் அன்று முழுக்க அங்கேயே கிடந்து, வெயிலில் வெந்து, தெருவையே நாறடித்தது.

இரவில் படங்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும்போது அவளுக்கு வாயில் கசப்பு ஊறும்.

"எல்லாம் ஒரே பல்லு. பாக்கப் பாக்கக் குமட்டுது" என்பாள்.

"உன் வேலை படம் எடுக்கறது. அவனுங்களுக்குப் பல்லு விளக்கி விடறதில்ல" என்பான் கணவன், அட்டையை வெட்டிக்கொண்டே.

சுவரின் நடுவில் ஆளுயரத்துக்கு ஓர் இடம் விடச் சொல்லியிருந்தார் தலைவர். அது நர்ஸம்மாவுக்கு. தலைவரைப் பெற்றவள். அந்தப் பகுதியில் பாதிப்பேர் அவள் கையில் விழுந்தவர்கள்தான். ஸ்டூடியோக்காரியும் அப்படித்தான். கொடி கழுத்தில் சுற்றி நீலம் பாரித்துப் பிறந்தவளைத் தலைகீழாகப் பிடித்து, முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டு அழவைத்தாள் என்று அவளுடைய அம்மா வாய்க்கு வாய் சொல்வாள். நர்ஸம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். யாரும் பார்த்து ரொம்பக் காலமாயிற்று. விசாரிப்பவர்களிடம், "ராணி மாதிரி வச்சிருக்கேன்" என்பார் தலைவர்.

படச்சுவரின் திறப்பு விழா நெருங்கியபோதுதான் ஸ்டூடியோக்காரியை வீட்டுக்கு வரச் சொன்னார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எலுமிச்சை வாசனை முகத்தில் அடித்தது. கடையில் விற்கிற வாசனைத் தெளிப்பானை ஒரு டப்பா காலியாகிறவரை அடித்திருந்தார்கள் போலிருக்கிறது. கூடத்தில் கண்ணாடிபோல் மின்னும் சோபா, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத நாற்காலிகள், சுவர் முழுக்கத் தலைவர் யார் யாருக்கோ கைகொடுக்கும் படங்கள். எலுமிச்சைக்கு அடியில் வேறொன்று இருந்தது. முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. மூச்சை ஆழமாக இழுத்தால் தொண்டையில் வழவழவென்று ஒட்டிக்கொண்டது.

தலைவரின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "வீட்டுல பெரியவங்க இருந்தா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று, யாரும் கேட்காமலே சொன்னாள். கோப்பையை வாயருகே கொண்டுபோன ஸ்டூடியோக்காரி அதை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

பின்பக்கத்து அறைக் கதவின் அடியிடுக்கில் ஒரு பழைய துணியைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். தலைவர் அதைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். எலுமிச்சை தோற்றுப்போனது. மூத்திரம், புளித்த பால், இவற்றையெல்லாம் தாண்டி இனிப்பும் அழுகலுமாக ஒரு வாடை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஜன்னலைச் சுற்றிலும் ஒட்டுநாடா ஒட்டி அடைத்திருந்தார்கள். கட்டிலுக்கடியில் ஒரு கிண்ணத்தில் ரொட்டி ஊறிய பால் திரிந்து கிடந்தது. அதன் விளிம்பில் எறும்பு வரிசை.

கட்டிலில் நர்ஸம்மா இருந்தாள். இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் பூட்ஸ் சத்தம் அதிர நடந்தவள் என்று அம்மா சொன்ன அந்தப் பெண்பிள்ளையில் மிச்சமிருந்தது ஒரு மூக்கும் இரண்டு காதும். முகத்தில் யாரோ பவுடர் அப்பியிருந்தார்கள். வெள்ளைவெளேரென்று இஸ்திரி போட்ட நர்ஸ் கோட்டு ஒன்று அவள் மேல் இருந்தது.

"பழைய யூனிஃபார்ம். தேடி எடுத்தோம். மக்கள் பாத்தா கண்ணு கலங்கும்ல?" என்றார் தலைவர்.

கிட்டே போனதும்தான் அவளுக்கு விளங்கியது. கோட்டுக்குப் பின்பக்கமே இல்லை. முதுகை நெடுக வெட்டி, முன்னாலிருந்து கைகளை நுழைத்து, ஓரத்தைப் படுக்கைக்குள் செருகியிருந்தார்கள். பிணத்துக்குச் சட்டை போடுகிற மாதிரி.

"உக்கார வைப்போம்" என்று தலைவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். கிழவியின் வாயிலிருந்து வந்தது முனகலா, அலறலா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். பின்னாலேயே வந்திருந்த மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு முதுகுக்குப் பின்னால் ஒரு பலகையையும் தலையணையையும் செருகினாள்.

"வலிக்குதுங்க அவங்களுக்கு" என்றாள் ஸ்டூடியோக்காரி.

"வயசானா எல்லாமே வலிதாம்மா. நீ எடு. சட்டுனு முடிச்சுடலாம்."

கை தானாகவே கேமராவைத் தூக்கியது. அதுதான் பிறகு அவளுக்கு ஆறவே இல்லை: வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அவள் கண் பார்த்ததும், எறும்புக் கிண்ணம் சட்டகத்துக்குள் வராமல் அவள் கால் ஓரடி நகர்ந்ததும். எடுத்தாள். தலைவர் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. நெற்றியைத் தடவுவதுபோல் ஒன்று. பிறகு மனைவியிடம் கையை நீட்டினார். அவள் ஒரு தட்டும் கரண்டியும் கொடுத்தாள். தாயின் வாயருகே கரண்டியைக் கொண்டுபோய், கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"கரண்டியில ஒண்ணுமே இல்லீங்களே" என்றாள்.

"படத்துல தெரியவா போகுது?"

நர்ஸம்மா வாயைத் திறந்தாள். பசியில் திறந்தாளோ, பழக்கத்தில் திறந்தாளோ. வெறுங்கரண்டி வாய்க்குள் போய் வெறுமனே வெளியே வந்தது. தலைவரின் மனைவி பின்னாலிருந்து அதைத் தன் கைப்பேசியிலும் எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. விழா விஷயம், பேசிக்கொண்டே வெளியே போனார். அந்த அறையில் நிற்க மனமில்லாத மருமகளும், அடுப்பில் என்னவோ இருப்பதாகச் சொல்லிக்கொண்டு நழுவினாள். ஸ்டூடியோக்காரி பலகையை உருவிவிட்டு, கிழவியை மெதுவாகப் பக்கவாட்டில் சாய்த்தாள்.

"கதவச் சாத்து."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். நர்ஸம்மாவின் கண்கள் திறந்திருந்தன. இரண்டும் தெளிவாக இருந்தன.

"சாத்துன்னு சொன்னேன்ல. நீ யாரு மக?"

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"ஓ, நீலமா பொறந்த கழுதையா நீ. நல்லது. அந்தப் பெட்டியில எடுத்தா உடனே பாக்கலாமாமே?"

"பாக்கலாம்மா."

"என் முதுக எடு."

"அம்மா?"

"முதுகுடி. எனக்கு அதப் பாக்க முடியல. கண்ணாடி கேட்டேன், தரமாட்டேங்கிறா. வெறும் வேர்க்குருன்னு சொல்றா என் மருமக. முந்தி எரிஞ்சுது, உசுரு போச்சு. இப்போ நடுவுல வலிக்கவே இல்ல. வலி நின்னா நல்லதில்ல. எத்தனை பேருக்குப் பாத்திருக்கேன். எடு, நான் பாக்கணும்."

ஸ்டூடியோக்காரி கோட்டை ஒதுக்கினாள். அடியில் ஒரு துணி ஒட்டிப்போயிருந்தது. அதன் ஓரத்தை விரல்நுனியால் தூக்கியபோது அது ஈரமாகப் பிரிந்து வந்தது, ஒரு சத்தத்தோடு. அந்தச் சத்தம் அவள் காதில் இன்றைக்கும் இருக்கிறது. முதுகின் அடியில், இடுப்புக்கு மேல், ஒரு குழி. உள்ளங்கையைக் கவிழ்த்து வைக்கலாம். ஓரமெல்லாம் கறுப்பு, உள்ளே மஞ்சள், அதன் நடுவில் வெள்ளையாக என்னவோ. அரிசிமணிபோல் ஒன்று இருந்தது. அரிசிமணி நெளிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்து எடுத்தாள். படம் கலங்கியிருந்தது, மறுபடி எடுத்தாள்.

"காட்டு."

"வேணாம்மா. நான் யார்கிட்டயாவது..."

"புழுவா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. நான் பாக்காத புழுவா? காட்டுடி."

சின்னத் திரையை அவள் முகத்தருகே பிடித்தாள். நர்ஸம்மா அதை உற்றுப் பார்த்தாள். யாரோ மூன்றாம் மனுஷியின் முதுகைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். பெரிதாக்கச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் மேலே என்றாள்.

"எலும்பு தெரியுது" என்றாள் கடைசியில். பவுடர் அப்பிய கன்னத்தில் ஒரு கோடாக நீர் இறங்கியது. "என் வார்டுல ஒரு படுக்கையில இப்படிப் புண் வந்திருந்தா, அந்த நர்ஸத் துரத்தியிருப்பேன். நாய் மாதிரித் துரத்தியிருப்பேன்." பிறகு குரலை இறக்கினாள். "பெரிய ஆஸ்பத்திரியில, பெண்கள் வார்டுல ஒருத்தி இருப்பா. கட்டைக்குரல்காரி. எனக்குக் கீழ வேலை பாத்தவ. அவகிட்ட இதக் காட்டு. நான் சொன்னேன்னு ஒண்ணும் சொல்ல வேணாம். காட்டு, போதும்."

நடையில் தலைவரின் குரல் கேட்டது. அவள் துணியையும் கோட்டையும் இழுத்து மூடினாள்.

"எங்க, காட்டும்மா, எப்படி வந்திருக்குன்னு பாப்போம்" என்று கையை நீட்டிக்கொண்டே வந்தார் அவர். திரையில் கடைசிப் படம் முதுகு. அவள் கேமராவைப் பைக்குள் வைக்கும் சாக்கில் அடிமூடியைத் தள்ளி பேட்டரியை உருவிவிட்டாள்.

"சார்ஜ் போயிடுச்சுங்க. பிரிண்ட் போட்டு அனுப்பறேன்."

"நல்லா பெருசா போடு. அந்தக் கரண்டிப் படத்த."

தெருமுனை திரும்பும்வரை தாங்கியவளுக்கு அதற்குமேல் முடியவில்லை. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சாக்கடையில் வாந்தி எடுத்தாள். குடலே வெளியே வந்துவிடும்போல் இருந்தது. காய்கறி வாங்கிக்கொண்டு போன ஒரு தெரிந்த அம்மாள் நின்று, முகமெல்லாம் மலர்ந்து, "என்னடி, ஏதாவது விசேஷமா?" என்று கேட்டாள்.

வீட்டில் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மறுபடி சோப்பு. விரல்நுனியில் அந்த ஈரம் போகவில்லை.

"நமக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றான் கணவன், அவள் சொல்லி முடிப்பதற்குள். "அவரு அம்மா, அவரு வீடு. நாளைக்கு இந்தத் தெருவுல நாம கடை வச்சிருக்க வேணாமா? வயசானவங்க ஏதாவது சொல்லுவாங்க. நீ அதப் பெருசா எடுத்துக்காத."

அவள் கேமராவில் பேட்டரியைப் போட்டுத் திரையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பார்த்தான். கையிலிருந்த சட்டத்தை மேஜையில் வைத்தான். பசை ஒட்டிய விரல்களைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். பிறகு ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்துக்கொண்டு, "வா" என்றான்.

கட்டைக்குரல்காரியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வார்டு வாசலில் நிற்கும்போதே கேட்டது, யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்ததும் பாதித் திட்டில் நிறுத்தினாள். "யாரு இது?" என்றாள். பதிலைக் கேட்டதும் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது.

ஆம்புலன்ஸ் வீட்டு வாசலில் நின்றபோது தலைவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "அம்மா தூங்கறாங்க. உங்கள யாரு கூப்பிட்டது?" கட்டைக்குரல்காரி அவரைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள். அறைக்கதவைத் திறந்தபோது அந்த வாடை கூடத்துக்கு வந்து, வாசலுக்கு வந்து, தெருவில் கூடியவர்கள் மேலெல்லாம் ஏறியது. ஒவ்வொருவராக மூக்கைப் பொத்தினார்கள். ஆனால் ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. வண்டியோடு வந்திருந்த ஸ்டூடியோக்காரி அதைக் கவனித்தாள். முகம் பார்ப்பதுதானே அவள் பிழைப்பு.

"எலி செத்துக் கிடக்குதுன்னு நெனச்சோம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"இவ்வளவு நாளாவா ஒரு எலி சாகும்?" என்று கேட்டாள் இவள்.

"அவரு எவ்வளவு பெரிய மனுஷன். நாம போய் எப்படிம்மா கேக்கறது? நாங்க எங்க பக்கத்து ஜன்னல சாத்திக்குவோம்."

இந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு மூன்று பிரசவமும் பார்த்தவள் நர்ஸம்மா.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். கட்டைக்குரல்காரி அந்த அரைக் கோட்டை உரித்து வாசலிலேயே எறிந்துவிட்டு, சுத்தமான போர்வையால் கழுத்துவரை போர்த்தினாள். தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்டூடியோக்காரியிடம் வந்தார். குரலில் தேன் அப்படியே இருந்தது, கண்தான் வேறு.

"ஆஸ்பத்திரியில காட்டினியாமே, அந்தப் படத்த அழிச்சுடும்மா. குடும்ப மானம். உனக்கும் குடும்பம் இருக்குல்ல."

"அழிக்க மாட்டேங்க."

"அப்போ அந்தக் கரண்டிப் படத்தையாவது குடு."

"அதையும் தர மாட்டேன்."

அவர் சிரித்தார். பல் எல்லாம் தெரிந்தது.

விழா நின்றுவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். நிற்கவில்லை. தோரணம் கட்டினார்கள், ஒலிபெருக்கி வைத்தார்கள், நாற்காலி போட்டார்கள். அவளும் கணவனும் போனபோது கூடம் நிரம்பியிருந்தது. சுவரில் அவள் எடுத்த படங்கள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தன. மாட்டும் வேலையை அவள் கணவனே ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே முடித்திருந்தான். நடுவில், ஆளுயரத்துக்கு, அந்தக் கரண்டிப் படம். மருமகள் கைப்பேசியில் எடுத்ததைப் பெரிதாக்கியிருந்தார்கள். ஓரமெல்லாம் புள்ளிபுள்ளியாகச் சிதைந்து, நர்ஸம்மாவின் முகம் மாவுருண்டைபோல் இருந்தது. தலைவரின் சிரிப்பு மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.

தலைவர் பேசினார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், கண் துஞ்சாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், உங்களுக்காகத்தான் எழுந்து வந்தேன் என்றார். குரல் தழுதழுத்தது. அவர் அந்த வார்டின் வாசலைக்கூட மிதிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் தினமும் போய்க்கொண்டிருந்தாள். சங்கத்தின் சார்பில் செயலாளர் ஒரு கேடயம் கொடுத்தார். 'தாயைப் போற்றும் தனயன்' என்று அதில் பொறித்திருந்தது. ஸ்டூடியோக்காரிக்கு முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சினாள். எலி என்று சொன்ன அதே மூக்கு. "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இங்கே சோறே இல்லை. பூசணிக்காய் பட்டப்பகலில் மேடையில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாருமாகச் சேர்ந்து அதைச் சோறு என்கிறார்கள்.

அவள் எழுந்தாள். சத்தம் போடவில்லை, மேடைக்கும் போகவில்லை. சுவரின் ஒரு கோடிக்குப் போய் முதல் படத்தைக் கழற்றினாள். மீன்காரம்மாவும் அவளுடைய பிளாஸ்டிக் பூவும். இரண்டாவதைக் கழற்றும்போது பக்கத்தில் ஒரு கை நீண்டது. கணவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். கைதட்டல் குறைந்து, தலைகள் திரும்பின.

"என்னம்மா பண்ற?" என்று ஓடிவந்து தன் படத்தைப் பிடித்துக்கொண்டார் சலூன்காரர். அவருடைய படம்தான் எல்லாவற்றிலும் நன்றாக வந்திருந்தது. நுரையும் கத்தியும், கண்ணாடியில் தெரியும் தெருவும். "என் படத்த ஏன் கழட்டற? நான் என்ன பாவம் பண்ணேன்?"

"உங்க கடை அவங்க வீட்டுக்கு நேர் எதிர்லதானே இருக்கு, அண்ணே?"

"ஆமா."

"வாடை வரலியா?"

சலூன்காரர் கையிலிருந்து படத்தை விட்டுவிட்டார்.

மற்றவர்கள் விடவில்லை. கறிக்கடைக்காரர் அவள் கணவனின் சட்டையைப் பிடித்தார். "திமிரப் பாரு" என்றது ஒரு குரல். "விளம்பரத்துக்குப் பண்றா" என்றது இன்னொன்று. மீன்காரம்மா மட்டும் தன் படத்தைத் தானே வாங்கிக்கொண்டு, முந்திக்கொண்டு வெளியேறினாள். வெட்கத்தாலா, சண்டைக்குப் பயந்தா என்று தெரியவில்லை. ஸ்டூடியோக்காரி அடுத்த படத்துக்குப் போனாள். கடைசிப் படம் இறங்கியபோது சுவரில் கரண்டி மட்டும்தான் மிஞ்சியது.

அதற்குப் பிறகு தெருவில் யாரும் அவள் கடைக்கு வருவதில்லை. பாஸ்போர்ட் படத்துக்குக்கூட இரண்டு தெரு தள்ளிப் போனார்கள். கணவன் சட்டம் அறுக்கும் வேலையை வெளியூர்க் கடைகளுக்குச் செய்து கொடுக்க ஆரம்பித்தான். முணுமுணுத்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் "ஏன் செஞ்சே?" என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை.

நர்ஸம்மா பிழைத்துக்கொண்டாள். அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள், புழுவை எடுத்தார்கள். நாளாக ஆகக் குழியின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச்சதை கிளம்பியது. உடம்பு தேறத் தேற வாயும் தேறியது. கட்டுப் போட வரும் இளம் நர்ஸ்களெல்லாம் அவளைக் கண்டு நடுங்கினார்கள்.

ஒருநாள் பகலில் தலைவர் வந்தார். கேடயம் வாங்கியவர் தாயை ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டார் என்று யாரோ பேசியிருக்க வேண்டும். கையில் ஆப்பிள் பை. ஸ்டூடியோக்காரி அப்போது கட்டிலருகே உட்கார்ந்து நர்ஸம்மாவுக்குப் பாலைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளை அவர் பார்க்காத மாதிரி பார்த்தார்.

"அம்மா, வீட்டுக்கு வந்துடுங்க. ஆளெல்லாம் போட்டுப் பாத்துக்கறேன். ஊரு ஒரு மாதிரி பேசுது."

நர்ஸம்மா அவரை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தாள். "இவன் வயித்துல இருந்து காலால வெளிய வந்தவன்" என்றாள் ஸ்டூடியோக்காரியிடம். "அப்பவே தெரிஞ்சிருக்கணும் எனக்கு." பிறகு மகனிடம் திரும்பினாள். "வரேன். கட்டு மாத்தற நேரம் இது. போய்க் கையக் கழுவிட்டு வா. இன்னிக்கு நீ மாத்து. மாத்திட்டேன்னா உன்கூட வரேன்."

"நானா? அதுக்குத்தான் நர்ஸுங்க..."

"நானும் நர்ஸுதான். உன் பீத்துணிய மாத்தினப்போ யாரும் எனக்குச் சம்பளம் குடுக்கல."

சுற்றிலும் படுக்கைகளில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் வேறு வழியில்லாமல் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஸ்டூடியோக்காரி நர்ஸம்மாவைச் சுவர்ப்பக்கமாகச் சாய்த்ததும் போர்வையை விலக்கினார். கட்டின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். சீழில் ஊறிய பஞ்சு கொஞ்சம் இழுபட்டு வந்தது. அவ்வளவுதான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, ஆப்பிள் பையைக்கூட எடுக்காமல், வார்டைவிட்டு ஓடினார். நடையில் அவர் ஓங்கரிப்பது உள்ளே கேட்டது.

"போயிட்டானா?" என்றாள் நர்ஸம்மா, சுவரைப் பார்த்தபடி.

"போயிட்டாருங்க."

"ம்."

முதுகு கொஞ்சநேரம் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை. போய்ப் பார்க்கவும் ஸ்டூடியோக்காரிக்குத் துணிவில்லை.

கட்டைக்குரல்காரி தள்ளுவண்டியோடு வந்தாள். பாதி பிரிந்து தொங்கிய கட்டைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "தட்டப் பிடி" என்றாள் இவளிடம். ஸ்டூடியோக்காரி தட்டைப் பிடித்தாள். மஞ்சளும் சிவப்புமாகப் பஞ்சு ஒவ்வொன்றாக அதில் விழுந்தது. வாடை எழுந்தது. எத்தனை நாள் வந்தும் அவளுக்கு அது பழகவே இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வாயால் மூச்சுவிட்டாள்.

"ஆட்டாதடி, கொட்டிரும்" என்று அதட்டினாள் நர்ஸம்மா.

அவள் தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.